லைசன்ஸ் இல்லாத ஹீரோக்கள்: விஜிலாண்டிஸ் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மை ஹீரோ அகடமியா என்ற ஜப்பானிய சூப்பர் ஹீரோ கதை முடிந்துவிட்டது. மங்கா, அதாவது சித்திரக்கதை, 2024 ஆகஸ்டில் முடிந்தது, அனிமே என்ற கார்ட்டூன் தொடர் 2025 டிசம்பரில். ஆனால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் டியூஷன் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளின் பேச்சு இன்னும் ஓயவில்லை. காரணம், அதன் கிளைக்கதையான விஜிலாண்டிஸ். முதல் சீசன் 2025 ஏப்ரலில் தொடங்கி 13 எபிசோட் ஓடியது. இரண்டாவது 2026 ஜனவரியில் வந்தது. ஒரு அனிமேயைப் பற்றி மலையகத்துப் பிள்ளைகள் இவ்வளவு சூடாக வாதாடுவதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தில் பாதி, தொடரில் இல்லாத விஷயங்களைப் பற்றித்தான் நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த உலகத்தில் பத்தில் எட்டுப் பேருக்குப் பிறவியிலேயே ஏதோ ஒரு சக்தி இருக்கும். அதைக் குவர்க் என்பார்கள். லைசன்ஸ் எடுத்த புரோ ஹீரோக்களைத் தவிர வேறு யாரும் அதைப் பொது இடத்தில் இஷ்டத்துக்குப் பாவிக்கக் கூடாது, சட்டம் விடாது. டோக்கியோவில் நருஹாட்டா என்றொரு பகுதி. அங்கே மூன்று பேர் லைசன்ஸ் இல்லாமலே இரவில் இறங்குகிறார்கள்: கொய்ச்சி என்ற பல்கலைக்கழக மாணவன், அனுமதி வாங்காமல் தெருவில் திடீர் கச்சேரி நடத்தும் பொப் ஸ்டெப், குவர்க்கே இல்லாமல் வெறும் முஷ்டியால் அடிக்கும் நக்கிள்டஸ்டர் என்ற நடுத்தர வயதுக்காரர். மெயின் கதை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் இது நடக்கிறது.

அதிகம் காதில் விழும் குறை, "இதில் டெக்கு இல்லையே" என்பது. மெயின் கதையின் நாயகன் டெக்கு இல்லை, அவனோடு போட்டி போடும் பகுகோ இல்லை, ஹீரோக்களைப் பயிற்றுவிக்கும் யு.ஏ. பள்ளியின் வகுப்பறை இல்லை. அதையெல்லாம் தேடிக்கொண்டு முதல் இரண்டு எபிசோடைப் பார்த்தால் தொடர் சப்பென்று போகும், சந்தேகமில்லை. டெக்கு உலகத்தின் முதல்தர ஹீரோவாகப் போகிறவன். கொய்ச்சி அந்தக் கதவு ஏற்கெனவே மூடிவிட்டவன். யு.ஏ. நுழைவுத் தேர்வு அன்று, தண்ணீரில் விழுந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய்த் தேர்வையே தவறவிட்டவன். அதற்குப் பிறகும் முதலிட ஹீரோவான ஓல் மைட்டின் படம் போட்ட ஹூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வழி தெரியாதவர்களுக்கு வழி காட்டுகிறான், குப்பை பொறுக்குகிறான், தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கிறான். அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஏ.எல். பெறுபேறு வந்த வாரத்தில் நம்முடைய வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, ஒரு பரீட்சையோடு வாழ்க்கையின் பாதை மாறிப்போன ஒரு பையனின் கதையை இன்னொருவர் விளக்கத் தேவையில்லை. டெக்குவின் நிழலாக அவனைப் பார்ப்பதை விட்டால் போதும்.

அடுத்தது, "அவனுடைய பவர் வேஸ்ட்". கொய்ச்சி தரையில் வழுக்கிக்கொண்டு போவான். கை கால் நான்கில் குறைந்தது மூன்று ஏதாவது ஒரு பரப்பில் பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் சக்தி வேலை செய்யும். வேகம் ஆரம்பத்தில் ஒரு சைக்கிள் அளவுதான். நிமிர்ந்து நின்றால் போச்சு. அதனால் அவன் எப்போதும் குனிந்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டே போகிறான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். முதல் சீசனில் அவன் துரத்தப்படும் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எந்தக் கை எப்போது தரையை விடுகிறது, திரும்பும்போது எந்தக் கால் ஊன்றியிருக்கிறது என்பதை வரைந்தவர்கள் கணக்குத் தவறாமல் வைத்திருக்கிறார்கள். விதி சின்னதாக இருப்பதால் ஒவ்வொரு சண்டையும் ஒரு புதிராகிறது: இந்த இடத்தில் ஒட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? சுவரா, கூரையா, எதிரியின் முதுகா? மலையைப் பிளக்கிற பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் எடுக்கும். போகப் போக அந்தச் சக்தி எங்கே போய் நிற்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

சரி, இனி எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற தவறுக்கு வருகிறேன்.

நக்கிள்டஸ்டர் யாரையாவது ஓங்கிக் குத்துகிற முப்பது விநாடிக் காட்சியை வெட்டி, பாட்டுப் போட்டு, ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். அதுவரை பிரச்சினை இல்லை, காட்சி அட்டகாசமானதுதான். அதன் கீழே எழுதுவதுதான் பிரச்சினை. "நம்ம டிவிஷனில் தூள் விக்கிறவனுக்கும் இப்படித்தான் குடுக்கணும்." "பொலிஸ் வேணாம், நாலு பேர் போதும்." தொடரில் டிரிகர் என்றொரு போதைமருந்து வருவதால் இந்த ஒப்பீடு சட்டென்று வந்துவிடுகிறது. தோட்டங்களுக்குள் ஐஸும் கஞ்சாவும் நுழைந்து குடும்பங்களைச் சீரழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் கோபம் அது. அந்தக் கோபத்தில் பிழை இல்லை.

ஆனால் தொடர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். டிரிகர் உடம்பில் ஏறியவனின் நாக்கு கறுத்துப் போகும். குவர்க் கட்டுக்கடங்காமல் பெருகும், புத்தி வேலை செய்யாது. தெருவில் போன சாதாரண ஆள் ஒரு நிமிடத்தில் வில்லனாகிவிடுவான். அவர்களில் பலருக்கு மருந்து ஏற்றப்படுவது அவர்களுக்கே தெரியாது. நக்கிள்டஸ்டர் அடிக்கிற ஆட்களில் கணிசமானோர் முதலில் பாதிக்கப்பட்டவர்கள், அதன் பிறகுதான் ஆபத்தானவர்கள். அடித்து முடித்ததும் கதை அவர்களை விட்டுவிடுவதில்லை. முதல் எபிசோடில் பொப் ஸ்டெப்பிடம் வம்பு பண்ணுகிற சோகாவும் கூட்டாளிகளும் கொஞ்ச நாளில் கொய்ச்சியின் மொட்டைமாடி அறையில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற சிநேகிதர்களாகிவிடுகிறார்கள். முப்பது விநாடிக் கிளிப்பில் இது எப்படி வரும்?

அப்புறம் ஸ்டெண்டால். முகமூடி போட்டு, வாள் எடுத்து, கெட்டவர்கள் என்று தான் முடிவு செய்தவர்களைக் கொல்கிறவன். அவனிடமும் லைசன்ஸ் இல்லை. அவனும் தன்னை நியாயத்தின் பக்கம் என்றுதான் நினைக்கிறான். நக்கிள்டஸ்டர் அவனை எதிர்த்து நிற்கும் பகுதிதான் முதல் சீசனின் முதுகெலும்பு என்பேன். கதையே இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்துக் காட்டும்போது, ரசிகர்கள் இரண்டு பேரையும் ஒரே எடிட்டில் சேர்த்து "நம்ம ஆட்கள்" என்று போடுவது தொடரைப் பார்க்காமல் பாராட்டுவதற்குச் சமம்.

சந்தேகத்தின் பேரில் நாலு பேர் கூடினால் என்ன ஆகும் என்பதை அறிய மலையகத்துக்காரர்கள் அனிமே பார்க்க வேண்டியதில்லை. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்ட கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்று ஊரெல்லாம் பீதி. பெண்கள் தனியாகக் கொழுந்து பறிக்கப் போகப் பயந்தார்கள். இரவிரவாக ஆண்கள் பொல்லோடு காவல் இருந்தார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அதே நாட்களில்தான் ஹப்புத்தளைப் பக்கம் கிறீஸ் பூதம் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட இருவர் கும்பலிடம் அகப்பட்டு உயிரை விட்டார்கள். இன்று ஸ்டேட்டஸ் போடுகிற பிள்ளைகளில் பலருக்கு அப்போது நடை கூடப் பழகியிருக்காது. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது. "லைசன்ஸ் இல்லாதவன் எல்லாம் குற்றவாளி, தொடர் தப்பான பாடம் சொல்கிறது" என்று சில அண்ணன்மார் தீர்ப்புச் சொல்கிறார்கள். லைசன்ஸ் இல்லாமல் உதவியவன் குற்றவாளியா என்ற இதே கேள்வியை மெயின் கதை 2017இலேயே கேட்டுவிட்டது. இரண்டாவது சீசனில் ஹோசு நகரத்தில் டெக்கு, அவனுடைய வகுப்புத் தோழர்கள் ஈடா, டொடொரோக்கி மூவரும் அனுமதி இல்லாமல், ஹீரோக்களைக் கொல்கிற ஸ்டெயினோடு மோதி உயிர் தப்புகிறார்கள். நாய்முகப் பொலிஸ் தலைமை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து, நடந்ததை வெளியே சொன்னால் ஊர் பாராட்டும், ஆனால் தண்டனையும் வரும், மறைத்தால் பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை என்கிறார். கடைசியில் ஸ்டெயினைப் பிடித்த பெயர் எண்டெவர் என்ற புரோ ஹீரோவுக்குப் போகிறது. விஜிலாண்டிஸ் அந்த ஆஸ்பத்திரி அறைக் கேள்வியை எடுத்து ஒரு முழுக்கதையாக நீட்டியிருக்கிறது.

அதற்கு நம்முடைய மண்ணில் உள்ள பதில் எதுவென்று யோசித்தால், எனக்கு முதலில் மீரியபெத்தைதான் நினைவுக்கு வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, முதலில் ஓடிப்போய்க் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டியவர்கள் அக்கம்பக்கத்துச் சனம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் அதேதான். வீதிகள் அறுந்தன, கரண்டும் சிக்னலும் போயின, தோட்டங்கள் தனித்துக் கிடந்தன. அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சறுக்கல் பாதையில் ஏறியவர்களிடமும், வயதானவர்களைக் கதிரையில் வைத்துச் சுமந்து இறக்கிய பையன்களிடமும் எந்த லைசன்ஸும் இருக்கவில்லை. அது நடந்து ஒன்றரை மாதம் ஆவதற்குள் இரண்டாவது சீசன் வந்தது. கொய்ச்சி செய்வது அந்த வேலை. அவனுடைய முதல் பட்டப்பெயரே நைஸ் கைதான். அடிதடி பிறகுதான் அவன் வாழ்க்கைக்குள் வருகிறது. அவனை ஒரு சண்டைக்காரனாக மட்டும் பார்த்து, பிறகு சண்டை போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் தொடரின் பாதியைக் கோட்டைவிடுகிறார்கள்.

அதற்காகப் புரோ ஹீரோக்கள் எல்லாம் தண்டம், உத்தியோகபூர்வமானதெல்லாம் பொய் என்று போய்விடவும் கூடாது. தொடர் அப்படிச் சொல்லவே இல்லை. இரேஸர் ஹெட் என்ற புரோ ஹீரோ கொய்ச்சியைச் சந்தேகப்படுகிறார், அதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருக்கிறது. இன்ஜீனியம் என்ற இன்னொரு புரோ ஹீரோ அவனிடம் திறமையைக் காண்கிறார். பயிற்சி என்றால் என்ன என்பது அவர்கள் இருவரும் நிற்கிற விதத்திலேயே தெரிகிறது. மண்சரிவிலும் அப்படித்தானே? ஈரம் ஊறிய சரிவில் தெரியாமல் கால் வைத்தால் மேலேயிருந்து இன்னொரு தடவை இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த இடத்தில் வேகம் மட்டும் போதாது. முதலில் ஓடுகிறவனும் வேண்டும், பிறகு வருகிற பயிற்சி பெற்றவனும் வேண்டும். இருவருக்கும் நடுவில் உள்ள அந்த இழுபறியைத்தான் எழுத்தாளர் ஹிதேயுகி ஃபுருஹாஷியும் ஓவியர் பெட்டன் கோர்ட்டும் மங்காவில் 15 தொகுதி நீளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பொப் ஸ்டெப்பைப் பற்றிச் சிலர் எழுதுவதை இங்கே திருப்பி எழுத முடியாது. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்த உடையை வடிவமைத்தவர்கள் மேல் விமர்சனம் இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அவள் படத்தைப் போட்டு அசிங்கமாகக் கமெண்ட் அடிக்கிற குழுவில் நம்முடைய தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். அவர்கள் சத்தமில்லாமல் குழுவை விட்டு விலகிப் போவதையும் பார்க்கிறோம்.

அனிமேஷன் பற்றிய புகார் சின்ன விஷயம். "போன்ஸ் காசை மெயின் சீசனுக்குப் போட்டுவிட்டு இதைக் கைவிட்டது" என்கிறார்கள். தயாரித்தது போன்ஸ் ஃபில்ம் ஸ்டூடியோ, இயக்கியவர் கெனிச்சி சுசுகி. அமெரிக்க காமிக்ஸ் போலத் திரையில் எழுத்தும் கட்டங்களும் பாய்வது அவர்கள் வேண்டுமென்றே எடுத்த பாணி. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காசில்லாமல் செய்தது என்பது வேறு குற்றச்சாட்டு.

ஸ்பொய்லர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். மங்கா 2022இலேயே முடிந்துவிட்டது. ஆகவே படித்தவர்கள் கையில் எல்லா ரகசியமும் இருக்கிறது, குறிப்பாக நக்கிள்டஸ்டர் யார் என்பது. ஒரு தோட்டத்தில் எல்லோரும் ஒரே நாளில் எபிசோட் பார்ப்பதில்லை. ஒருவன் வீட்டில் வைஃபை இருக்கும், இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் டவுன்லோட் பண்ணிக்கொண்டு வருவான், மூன்றாமவன் டேட்டா கார்ட் போடும்வரை காத்திருப்பான். திங்கட்கிழமை இரவே குழுவில் முடிவைப் போட்டு உடைப்பது அந்த மூன்றாமவனுக்குச் செய்கிற அநியாயம். செய்தியின் முதல் வரியில் சீசன், எபிசோட் நம்பரைப் போடுங்கள். பிறகு நாலைந்து வெற்று வரி விட்டு எழுதுங்கள். படம் அனுப்புவதென்றால் ஒரு வாரம் பொறுங்கள்.

"மெயின் சீரிஸின் 170 எபிசோடையும் முடிக்காமல் இதைத் தொடாதே" என்று புதியவர்களை விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லை. மெயின் கதையின் முதல் இரண்டு சீசன் பார்த்திருந்தால் நல்லது. இரேஸர் ஹெட்டும் இன்ஜீனியமும் ஸ்டெயினும் யாரென்று தெரிந்திருக்கும், ஸ்டெண்டால் வரும் காட்சிகள் இன்னும் கனமாக இறங்கும். அதுகூட இல்லாமல் நேரே நருஹாட்டாவுக்குள் நுழைந்தாலும் கதை விளங்கும். டேட்டா குறைவாக இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்: 13 எபிசோட், ஒரு சீசன், அதை முழுதாகப் பாருங்கள், கிளிப்பாக அல்ல.