அயல்நாட்டு இணைய உளவும் தேர்தல் தலையீடும்: ஒரு நாடு எதிர்கொள்ளும் முறை

கோத்தகிரிக்கு அருகில் ஒரு வாக்குச்சாவடியில் நான் தலைமை அலுவலராக இருந்த தேர்தல் நாளில், காலை பத்து மணியளவில் வரிசை திடீரென்று மெலிந்துவிட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பெயர்கள் எல்லாம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன, போனால் வீண் அலைச்சல்தான் என்று ஒரு குரல்பதிவு தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாட்ஸ்அப் வழியாகப் பரவியிருந்தது. அப்படி ஒரு பெயர்கூட நீக்கப்படவில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்கு நடந்து சென்று, அவரவர் பெயரை அவரவர்க்கே காட்டிய பிறகு, பிற்பகலில் வரிசை மறுபடி நீண்டது. அந்தப் பதிவு உள்ளூர்க்காரர் எவரோ செய்த வேலையாகவே இருக்கலாம். ஆயினும், கடல் கடந்த ஓர் அரசு இதையே திட்டமிட்டு நூறு தொகுதிகளில் ஒரே காலையில் செய்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு அன்றுதான் தொடங்கியது.

அதன் பின்னர் படித்தறிந்ததையும் தேர்தல் பணியில் கண்டதையும் சேர்த்து, ஒரு நாடு இத்தகைய தாக்குதலை எந்த வரிசையில் எதிர்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். முப்படை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் பயிலும் கல்லூரி வெலிங்டனிலும், வெடிமருந்துத் தொழிற்சாலை அருவங்காட்டிலும் அமைந்திருக்கும் நீலகிரி மாவட்டத்தில் வாழும் நாம், இது டெல்லியில் இருப்பவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் பிரித்தறிய வேண்டியது

உளவும் தலையீடும் ஒரே மாதிரியான கணினி ஊடுருவலில் தொடங்கினாலும், அவை இரண்டு வெவ்வேறு செயல்கள். பிற நாட்டின் இரகசியங்களை அறிய முயல்வது ஏறத்தாழ எல்லா அரசுகளும் செய்துவருவது. அமைதிக் காலத்து உளவைப் பன்னாட்டுச் சட்டம் நேரடியாகத் தடை செய்யவில்லை. 2009 மார்ச்சில் கோஸ்ட்நெட் என்ற உளவு வலையைக் கனடிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியபோது, 103 நாடுகளில் 1,295 கணினிகள் அதில் சிக்கியிருந்தன. இந்தியாவில் உள்ள தலாய் லாமாவின் அலுவலகமும் அவற்றுள் ஒன்று. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ 2.15 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோனது வெளிவந்தது. இவை பெரிய இழப்புகள்தாம். ஆனால் இங்கே ஒரு நாடு செய்ய வேண்டியது ஓட்டையை அடைப்பது, திருடுபோனவை எல்லாம் எதிரியின் கையில் இருப்பதாகவே கருதித் தன் நடைமுறைகளை மாற்றிக்கொள்வது, எச்சரிக்கப்பட வேண்டியவர்களை எச்சரிப்பது ஆகியவையே.

திருடிய கடிதங்களை வாக்குப்பதிவுக்கு முன் பொதுவெளியில் கொட்டுவதும், பட்டியலில் பெயர்களைக் கலைப்பதும், பொய்க் கணக்குகளால் ஒரு சமூகத்தை இன்னொன்றின் மேல் ஏவுவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரு நாடு தானே தீர்மானிக்க வேண்டிய அரசியல் தேர்வில் மற்றொரு நாடு வலிந்து குறுக்கிடுவது சட்டவிரோதம் என்று 1986இல் நிகரகுவா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் கூறியது. உளவுக்கான பதில் பெரும்பாலும் ஓசையின்றி முடிய வேண்டியது; தலையீட்டுக்கான பதில் மக்கள் முன்னிலையில் சொல்லப்பட வேண்டியது. உளவுக்கு மேடை போட்டுக் கூச்சலிட்டு, தலையீட்டைக் கோப்புக்குள் மறைக்கும் அரசு இரண்டிலும் தோற்கும்.

மழைக்கு முன்னதாக

நீலகிரியில் நிலச்சரிவை மழை வந்த பிறகு யாரும் எதிர்கொள்வதில்லை. 2009 நவம்பரின் அழிவைக் கண்ட மாவட்டம் இது. எந்த வளைவில் மண் சரியும், எந்தக் குக்கிராமம் துண்டிக்கப்படும், எந்தப் பள்ளியில் மக்களைத் தங்கவைப்பது என்பதெல்லாம் பருவத்துக்கு முன்பே பட்டியலாகி, மண் அள்ளும் இயந்திரங்கள் உரிய இடங்களில் நிறுத்தப்பட்டிருக்கும். தேர்தலுக்கும் அதே முன்னேற்பாடு வேண்டும்.

நம் வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைக்கப்படாத தனிக்கருவி. அதனுடன் வாக்கைக் காகிதத்தில் காட்டும் விவிபேட் கருவியும் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு ஊடுருவலாளர் முதலில் தேடுவது இயந்திரத்தை அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றை: வாக்காளர் பட்டியல் வைக்கப்பட்டுள்ள சர்வர்கள், முடிவுகளைக் காட்டும் இணையதளம், கட்சி அலுவலகங்களின் மின்னஞ்சல், வேட்பாளரின் உதவியாளர் வைத்திருக்கும் கைப்பேசி. இவற்றுள் கட்சி அலுவலகங்களே மிக மெலிந்த இடம் என்பது என் கருத்து. அரசுத் துறைகளுக்குச் செர்ட்-இன் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு 2004 முதல் இருக்கிறது; 2022இல் அது பிறப்பித்த ஆணைப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்கு அறிவிக்க வேண்டும். கட்சிகளுக்கோ, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் பாகுபாடின்றி உதவக்கூடிய ஒரு தொழில்நுட்பக் குழு வேண்டும். அது ஆளும் அரசின் கீழ் இல்லாமல் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில் இருந்தால்தான் எதிர்க்கட்சிகள் தங்கள் கணினியை அதனிடம் நம்பித் திறந்து காட்டும்.

எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் கணினிகளில் ஊடுருவல் நடந்திருப்பதாக அந்நாட்டின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2015 செப்டம்பரிலேயே தொலைபேசியில் சொன்னது. எடுத்துப் பேசிய தொழில்நுட்பப் பணியாளர், பேசுபவர் உண்மையில் எஃப்பிஐக்காரர்தானா என்றே ஐயப்பட்டார். பல மாதங்கள் வீணாயின. பெயர் தெரிந்த பொறுப்பாளரை நேரில் சந்தித்துச் சொல்லும் நடைமுறை இருந்திருந்தால் அந்த ஒரு தவறு நேர்ந்திருக்காது.

பணத்தின் வழியையும் இதே காலத்தில் அடைக்க வேண்டும். வேட்பாளர்களும் கட்சிகளும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை நம் சட்டம் தடுக்கிறது. ஆனால் கொடுத்தவர் பெயர் தெரியாத பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை வாக்காளர் எப்படி அறிவார்? கொடுப்பவர் பெயரை வெளியிடாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிவகுத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் ரத்து செய்ததை நான் இந்தக் கோணத்திலும் பார்க்கிறேன்.

யார் செய்தது என்று முடிவு செய்வது

ஊடுருவல் தெரிந்தவுடன் கணினியை அணைத்து அழித்துப் புதிதாக நிறுவிவிடும் அவசரம் பல அலுவலகங்களில் உண்டு. அது தடயத்தை அழிக்கும் செயல். முதலில் அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்து, அதில் உள்ளவற்றை அப்படியே நகலெடுத்து, யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற குறிப்போடு பாதுகாக்க வேண்டும்.

ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல்வதும் ஒத்துவந்தால்தான் அந்த உளவுச் செய்தியை நம்ப வேண்டும் என்று அரசர்களுக்கு நம் முன்னோர் வகுத்த நெறி இந்தக் காலத்துக்கும் பொருந்தும். ஊடுருவலாளர் தம் நிரலில் வேறொரு நாட்டின் மொழியை வேண்டுமென்றே விட்டுச் செல்லலாம். வேறொருவரின் கருவியைப் பயன்படுத்தலாம். எனவே தொழில்நுட்பத் தடயம், உளவு அமைப்புகளின் தகவல், நட்பு நாடுகளும் தனியார் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டறிந்தவை ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டும் வரை எந்த நாட்டின் பெயரையும் அமைச்சர்கள் உச்சரிக்கக் கூடாது. தவறான நாட்டைக் குற்றம் சாட்டிவிட்டுப் பின்வாங்கும் அரசின் அடுத்த உண்மையான குற்றச்சாட்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மக்களிடம் சொல்வது

தலையீட்டின் நோக்கம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேட்பாளரின் வெற்றியோடு முடிவதில்லை. முடிவு எதுவானாலும் மக்கள் அதை நம்பாமல் போவதே தாக்குகிறவருக்குப் போதுமான ஆதாயம். ஆகவே நாடு தரும் பதில்களுள் மிக முக்கியமானது, உண்மையை உரிய நேரத்தில் உரிய வாயால் சொல்வதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூடங்குளத்தை நினைவுகூர்வோம். அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியபோது, 2019 அக்டோபர் 29இல் நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் அது இருந்தது உண்மை என்றும், செப்டம்பரிலேயே செர்ட்-இன் தெரிவித்துவிட்டது என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனியானது என்றும் அணுமின் கழகம் விளக்கியது. அந்த விளக்கத்தையே முதல் நாளில் சொல்லியிருந்தால் எவ்வளவு அச்சம் தவிர்க்கப்பட்டிருக்கும்!

இதற்கு மாறாக நம் ஊரிலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்குப் பிறகு, உதகையில் இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த பாதுகாப்பு அறையின் கேமராக் காட்சிகள் ஒரு மாலையில் சுமார் 20 நிமிடம் திரையில் வராமல் போயின. அதிக வெப்பத்தால் நேர்ந்த கோளாறு என்று மாவட்ட நிர்வாகம் உடனே விளக்கியது. ஐயம் எழுப்பியவர்கள் இருந்தார்கள். அது அவர்களின் உரிமை. இத்தகைய நேரத்தில் கட்சி முகவர்களை அழைத்துச் சென்று முத்திரைகள் உடையாமல் இருப்பதைக் காட்டுவதும், ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி எல்லா முகவர்களின் கையிலும் இருப்பதும், ஆயிரம் மறுப்பறிக்கைகளைவிட வலிமையானவை.

யார் சொல்வது என்பது கடினமான கேள்வி. 2016இல் ரஷ்யாவின் பெயரை அமெரிக்க அரசு வெளிப்படையாகச் சொன்னது அக்டோபர் 7இல்தான். ஜனநாயகக் கட்சியிடமிருந்து திருடப்பட்ட கடிதங்கள் ஜூலை மாதமே வெளியாகியிருந்தன. தேர்தல் நடக்கும்போது அரசு பேசினால் அது ஆளும் கட்சிக்குச் சாதகமாகப் பேசுவதாகத் தோன்றும் என்ற தயக்கம் தாமதத்துக்கு ஒரு காரணம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். கனடா 2019இல் இதற்கு ஒரு வழி கண்டது: பிரசாரக் காலத்தில், மக்களுக்கு எச்சரிக்கை விடுக்க வேண்டுமா என்பதை அமைச்சர்கள் அல்லாமல் ஐந்து மூத்த அரசு அதிகாரிகள் சேர்ந்து முடிவு செய்வார்கள். அந்த ஏற்பாட்டின் மீதும் பின்னர் விமர்சனம் எழுந்தது; எனினும் முடிவெடுப்பவர்களும் அளவுகோலும் முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய நன்மை. இந்தியாவில் இந்தப் பொறுப்பு தேர்தல் ஆணையத்துக்கே உரியது. 2024 ஏப்ரலில் வதந்தியையும் உண்மையையும் அருகருகே வைத்துக் காட்டும் இணையப் பக்கத்தை ஆணையம் தொடங்கியது நல்ல முயற்சி. அயல்நாட்டுத் தலையீடு பற்றிய அறிவிப்புக்கும் எழுத்துபூர்வமான நடைமுறை வேண்டும்.

ஊடகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2017 மே 5 இரவு, பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு இரண்டே நாள் இருக்கையில், வேட்பாளர் மக்ரோனின் பிரசாரக் குழுவிடமிருந்து திருடப்பட்ட கோப்புகள் இணையத்தில் கொட்டப்பட்டன. போலி ஆவணங்களும் அவற்றில் கலந்துள்ளதாகக் குழு உடனே அறிவித்தது. அவற்றை வெளியிட வேண்டாம் என்று தேர்தல் கண்காணிப்பு ஆணையம் கேட்டுக்கொண்டது. பெரிய பத்திரிகைகள் பெரும்பாலும் பொறுமை காத்தன. திருடப்பட்ட கடிதம் கையில் கிடைத்தால், அதில் என்ன இருக்கிறது என்பதோடு, அதை யார் எதற்காக இன்று தருகிறார் என்பதையும் எழுத வேண்டிய கடமை நம் செய்தியாளர்களுக்கும் இருக்கிறது.

ருமேனியா, அயல்நாட்டுத் தலையீடு பற்றிய ஐயம் எழுந்ததை அடுத்து, 2024 டிசம்பர் 6இல் தன் குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றையே நீதிமன்றத் தீர்ப்பால் ரத்து செய்தது. வாக்களித்த மக்களின் தீர்ப்பைத் தூக்கி எறியும் அந்த வழி கடைசியிலும் கடைசியாக, சான்றுகளை முழுவதுமாக மக்கள் முன் வைத்த பிறகே எடுக்கத்தக்கது.

பதிலடி

பதிலடி அளவோடு, சட்டத்துக்குள் இருக்க வேண்டும். தூதரக அதிகாரிகளை வெளியேற்றலாம். அமெரிக்கா 2016 டிசம்பரில் ரஷ்யர் 35 பேரை வெளியேற்றியது. ஊடுருவியவர்கள் மீது பெயர் குறிப்பிட்டு வழக்குத் தொடரலாம். ஜெர்மனி நாடாளுமன்றத்தின் மீது 2015இல் நடந்த தாக்குதலுக்காக, ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ஒருவர் மீது அந்நாடு 2020இல் கைது ஆணை பிறப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அவர் பிடிபடாமல் போகலாம், ஆனால் பல நாடுகளுக்குள் அவரால் கால்வைக்க முடியாது. பாதிக்கப்பட்ட தனியார் நிறுவனங்கள் தாமே எதிர்த்து ஊடுருவ ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. அவர்கள் தாக்கும் கணினி, ஏதும் அறியாத ஒரு மருத்துவமனையினுடையதாக இருக்கக்கூடும்.

அரசு செய்யக் கூடாதவை

கூடலூரில் ஜென்ம நிலத்துக்குப் பட்டா கேட்பவரும், பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்கும் கோத்தகிரிச் சிறு விவசாயியும் தங்கள் உண்மையான குறையைத்தான் பேசுகிறார்கள். அயலார் அந்தக் குறையைப் பெரிதாக்கிப் பரப்பினாலும் குறை பொய்யாகிவிடாது. குறை சொல்பவரை அந்நியக் கைக்கூலி என்று முத்திரை குத்தும் அரசு, தாக்குகிறவர் விரும்பிய பிளவைத் தானே செய்து கொடுக்கிறது. இணையத்தைத் துண்டிப்பதும் அப்படித்தான்: பொய் ஏற்கெனவே கைப்பேசிகளில் இறங்கியிருக்கும், தடைபடுவது மறுப்பு மட்டுமே.

கடைசியாக, இந்த மலையில் மறுப்பு போய்ச் சேரும் வழியைப் பற்றி. தமிழோடு படுகமும் மலையாளமும் கன்னடமும் பழங்குடி மொழிகளும் பேசப்படும் மாவட்டத்துக்கு, டெல்லியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியாகும் அறிக்கை போதாது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத பள்ளத்தாக்குகளும் இங்கே உண்டு. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் உள்ளூர் மொழி தெரிந்த ஒருவரைத் தேர்தலுக்கு முன்பே நியமித்து, அவர் பெயரை 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணோடு சாவடிச் சுவரிலும் லைன் வீடுகளின் குழாயடியிலும் ஒட்டி, அச்சிட்ட பட்டியல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவைக்க வேண்டும்.