தாழ்த்திய பழைய பிக்கப் தூக்கிப் போடுகிறதா? எதில் முதலில் கை வைப்பது

பழைய ஜீப் பிக்கப்பையோ அது போன்ற பட்டை ஸ்பிரிங் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்) வண்டியையோ மூன்று அங்குலம் இறக்கி, 20 அங்குல அலாய் சக்கரம் போட்டால் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். வேலூர் கிரீன் சர்க்கிளைத் தாண்டி முதல் வேகத்தடை வந்ததும் இடுப்பு பேச ஆரம்பிக்கும். பலரும் உடனே பட்டறைக்குப் போய், "ஸ்பிரிங் கட்டியா இருக்குண்ணே, ஒரு பட்டையை உருவிடுங்க" என்பார்கள். கோளாறு பெரிதாவது அங்கேதான். தாழ்த்திய வண்டியில் பெரும்பாலும் அடிப்பது ஸ்பிரிங் அல்ல. ஆக்ஸில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) மேலே எழ இடமில்லாமல், அதைத் தடுக்க சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கிறது. பட்டையை உருவினால் ஸ்பிரிங் இளகும், வண்டி இன்னும் அமரும், இடி கூடும். முதலில் இடத்தை உண்டாக்க வேண்டும், மென்மை அப்புறம்.

படி 1: அடி எங்கிருந்து வருகிறது?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றுங்கள். நான்கு சக்கரத்திலும் இரண்டு அளவு எடுங்கள்: ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, பம்ப் ஸ்டாப் ரப்பரின் அடியிலிருந்து ஆக்ஸிலில் அது இடிக்கும் இடம் வரை. இரண்டாவது அளவுதான் முக்கியம். முன்னால் 50 மி.மீ., பின்னால் 60 மி.மீ. இருந்தால் சமாளிக்கலாம். 25 மி.மீ. மட்டுமே இருந்தால் எந்த விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் உதவாது.

உண்மையில் இடிக்கிறதா என்று பார்க்க, சப்பாத்தி மாவை உருட்டி பம்ப் ஸ்டாப்புக்கு நேர் கீழே ஆக்ஸிலில் ஒட்டிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டி வாருங்கள். மாவு அப்பளமாகத் தட்டையாகியிருந்தால் இடிக்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனாக மிஞ்சியிருந்தால் இடம் போதும், குற்றவாளி வேறு.

காதையும் நம்பலாம். பள்ளத்தில் ஒரே ஒரு 'டொக்' என்றால் பம்ப் ஸ்டாப். சின்னச் சின்ன சொரசொரப்புக்கெல்லாம் நடுங்கினால் டயர், காற்று அல்லது பட்டைகளுக்கு இடையிலான உராய்வு. மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. 70, 80 கி.மீ. வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் அது சஸ்பென்ஷனே அல்ல. சக்கர பேலன்ஸ் அல்லது கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம்.

படி 2: காற்று

செலவில்லாத வேலை என்பதால் இதை முதலில் செய்யுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினாலே ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். வேலூர் வெயிலில் மே மாத மதியம், ஓடிவந்த சூட்டோடு பங்கில் பார்த்து, அதிகமாக இருக்கிறதென்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் சப்பையாக இருக்கும். பிக்கப்புக்கு வழக்கமாக அடிக்கும் லோடு டயர் அழுத்தத்தை அப்படியே கார் வகை டயருக்கும் அடித்து வைத்திருந்தால் அதுவே பாதிக் குலுக்கல். 35-ல் தொடங்கி 2 பிஎஸ்ஐ வீதம் குறைத்துப் பாருங்கள். பக்கச்சுவர் (ரிம்முக்கும் தரைக்கும் இடையிலான ரப்பர்) உயரம் குறைந்த டயரானால் 32-க்குக் கீழே வேண்டாம். பள்ளத்தில் ரிம் வளைந்துவிடும்.

படி 3: டயர் அளவைக் கணக்குப் போடுங்கள்

டயரில் எழுதியிருக்கும் முதல் எண்ணான அகலத்தை இரண்டாவது எண்ணின் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவர் உயரம் கிடைக்கும். 215/75 ஆர்15 டயருக்கு 161 மி.மீ.; முழு விட்டம் 703 மி.மீ. சொச்சம். 245/40 ஆர்20 டயருக்கும் விட்டம் ஏறக்குறைய அதேதான், 704 மி.மீ. ஆனால் பக்கச்சுவர் 98 மி.மீ. மட்டுமே. கல்லை விழுங்க வேண்டிய ரப்பரில் 63 மி.மீ. காணாமல் போயிருக்கிறது. அதோடு பெரிய சக்கரத்தின் கூடுதல் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதால் ஒவ்வொரு மேட்டிலும் அதை அடக்க ஷாக் திணறுகிறது.

235/60 ஆர்17 போட்டால் பக்கச்சுவர் 141, விட்டம் 714 மி.மீ. தோற்றத்தையும் சுகத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மாதிரி வண்டிக்கு 17 அங்குலமே நல்ல முடிவு. 20-ஐ விட மனமில்லை என்றால் கிடைப்பதில் எடை குறைந்த சக்கரமாக எடுங்கள்.

டயர் தாங்கும் எடையைச் சொல்லும் குறியீட்டெண்ணான லோடு இண்டெக்ஸை மறக்கக் கூடாது. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ, 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ தாங்கும். வண்டியைச் சரக்கோடு எடை மேடையில் ஏற்றி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை போடுங்கள். பின் ஆக்ஸில் 1,300 கிலோ காட்டினால் டயருக்கு 650. 96 என்பது விளிம்பு, 100 எடுப்பது நல்லது.

படி 4: இடம் உண்டாக்குதல்

இதில்தான் பணமும் நேரமும் போகும், பலனும் வரும்.

பம்ப் ஸ்டாப் பழைய கட்டி ரப்பராக இருந்தால் கழற்றிவிட்டு, கூம்பு வடிவத்தில் நுனி மெலிந்த, படிப்படியாக இறுகும் குட்டை ரப்பரைப் போடுங்கள். உயரத்தில் 20 மி.மீ. குறைந்தாலே இடியின் குணம் மாறும். ரப்பரே இல்லாமல் ஓட்டக் கூடாது. இரும்போடு இரும்பு மோதினால் சேஸிஸில் விரிசல் விழும், பிரேக் குழாய் நசுங்கும்.

அதுவும் போதாவிட்டால், எப்படித் தாழ்த்தியிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். ஆக்ஸில் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டியில் இடையில் பிளாக் (உலோகக் கட்டை) வைத்து இறக்கியிருப்பார்கள். 75 மி.மீ. பிளாக்கை 50 ஆக்கினால் 25 மி.மீ. இடம் உடனே திரும்பக் கிடைக்கும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அந்த ஒரு அங்குலம் தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரியும். பிளாக்கை மாற்றும்போது, ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் மறுபடி சரியாக இறுகாது.

ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸை அரைவட்டமாக வெட்டி வலுவூட்டும் சி-நாட்ச் வேலையை அமெரிக்க வீடியோக்களில் நிறையப் பார்க்கலாம். 1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 போன்ற வண்டிகளில் அது சகஜம். அவற்றில் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான் வழக்கம் என்பதால் அங்கே சொல்லும் பல அளவுகள் நம் பட்டை வண்டிக்குப் பொருந்தா. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் குறுக்கே நிற்கிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆரம்பக்காரர் சேஸிஸில் கட்டர் வைக்கவே வேண்டாம்.

படி 5: ஷாக் அப்சார்பர் நீளம்

தாழ்த்திய பிறகும் பழைய நீள ஷாக்கையே விட்டுவைப்பது பரவலான தவறு. வண்டி நிற்கும் நிலையில் ஷாக்கின் மேல் கண்ணுக்கும் (போல்ட் மாட்டும் வளையம்) கீழ்க் கண்ணுக்கும் இடையே 380 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஷாக் முழுக்க மூடினால் 340 என்றால் அது 40 மி.மீ. மட்டுமே போகும். பம்ப் ஸ்டாப் இடைவெளி 55 இருந்தாலும் அதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிவிடும். வால்வு போகும், அல்லது கண் கிழியும். மூடினால் 300, விரிந்தால் 470 வரும் ஷாக் இந்த வண்டிக்குப் பொருந்தும்: மேலே போக 80, கீழே இறங்க 90. இடைவெளி 55, ரப்பர் நசுங்க 15, ஆக 70 போக இன்னும் 10 மிச்சம்.

இரட்டைக் குழாய் எண்ணெய் ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுக்க இழுத்து அமுக்கி உள்ளிருக்கும் காற்றை எடுங்கள். மாட்டும் கோணத்தையும் பாருங்கள். 45 டிகிரி சாய்ந்த ஷாக் நேராக நிற்பதில் பாதி வேலைதான் செய்யும்.

படி 6: பட்டை வேலை

சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகே யூ போல்ட்டைத் தளர்த்துங்கள். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் இருபுறமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் சிதறி அடிக்கும், விரல் போய்விடும்.

கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, நுனி அழுத்தித் தேய்ந்த பள்ளங்களைக் கிரைண்டரில் வழவழப்பாக்கி, ஒவ்வொரு பட்டையின் நுனிக்கும் மெல்லிய நைலான் லைனர் வையுங்கள். சின்னச் சொரசொரப்பில் வரும் நடுக்கம் இதில் நன்றாகவே குறையும். சாதாரண கிரீஸ் தடவினால் புழுதி ஒட்டி மணல் காகிதம் போலத் தேய்க்கும். கிராஃபைட் கிரீஸ் பரவாயில்லை. வளைவு குறைந்த பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைக்க விடாதீர்கள், பதம் போய் மறுபடி அமர்ந்துவிடும். குளிர்ந்த நிலையில் அடித்து வளைப்பவரிடம் கொடுங்கள்.

பட்டையை உருவ ஒரே ஒரு விதிவிலக்கு: சரக்கே ஏற்றாத சொந்த வண்டியில், வெறும் வண்டியிலேயே எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள தடித்த பட்டை மேல் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை மட்டும் எடுக்கலாம். எடுத்ததும் படி 1-ன் அளவை மறுபடி எடுங்கள்.

பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தரையில், எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது மட்டுமே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும், ஸ்பிரிங்கும் கட்டியாகத் தெரியும்.

படி 7: ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். காட்பாடி சாலையின் ஒரு வேகத்தடை, பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகும் முன் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, டயர் மட்கார்டிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். யூ போல்ட்டை 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-ல் ஒருமுறை, குறுக்கும் நெடுக்குமாக வண்டிக்குரிய டார்க்கில் (இறுக்க வேண்டிய விசை அளவு) மறுபடி இறுக்க வேண்டும்.