மவுஸ் பிள்ளையின் கையில்: டக்ஸ் பெயிண்டில் ஓர் இலைப் பாடம்

வகுப்பறைக்குக் கணினி வந்ததும் வீடியோ போட்டுக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். மவுஸ் பிள்ளையின் கைக்குப் போனால்தான் அது பிள்ளையின் கருவி. இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு நான் முதலில் எடுப்பது டக்ஸ் பெயிண்ட். 3 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2002-இல் வந்த, படம் வரையும் இலவச மென்பொருள் இது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை, பழைய கணினியிலும் ஓடும்.

முதல் வேலை, பிள்ளைகள் வருமுன். 'டக்ஸ் பெயிண்ட் கான்ஃபிக்' என்ற அமைப்புச் செயலியைத் திறந்து, மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். முழுத்திரையாக வையுங்கள். வெளியேறும் பொத்தானை முடக்குங்கள், இல்லையென்றால் "டீச்சர், மூடிடுச்சு" என்ற குரல் ஓயாது. நீங்கள் மூட ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினால் போதும். மவுஸின் எல்லாப் பொத்தான்களும் ஒரே வேலை செய்யும்படியும் மாற்றிவிடுங்கள். சின்ன விரல்கள் இடமா வலமா என்று தடுமாறாது.

அடுத்து, ஆளுக்கோர் இலை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கணினிக்கு மூன்று பேர்: ஒருவர் வரைய, ஒருவர் இலையைப் பிடித்தபடி பார்த்துச் சொல்ல, ஒருவர் படத்தையும் இலையையும் ஒப்பிட. 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும்.

மவுஸ் பழகுவதற்குத்தான் பொறுமை வேண்டும். அம்பு மேலே போகவில்லை என்று பிள்ளை மவுஸையே காற்றில் தூக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் உங்கள் கையை மேசைமேல் வைத்து, முன்னால் தள்ளிக் காட்டுங்கள், அதுவே பார்த்துச் செய்யும். மேசை விளிம்புக்கு வந்தால் தூக்கி நடுவில் வைக்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள், யாருக்கும் அது தானாகத் தோன்றுவதில்லை.

இனி வரையலாம். தூரிகை இடப்பக்கம், நிறங்கள் கீழே. ஒரு குழுவில் அரச இலையை அழகாக வரைந்துவிட்டார்கள். இலையைப் பிடித்திருந்த பெண், "வால விட்டுட்ட!" என்றாள். மூன்று தலையும் இலைமேல் குனிந்தன. நீண்ட கூர்நுனியை அப்போதுதான் கண்டார்கள். இடப்பக்கம் முந்தைய கோட்டை நீக்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, நுனியை மட்டும் திரும்ப வரைந்தார்கள். தாளில் ரப்பர் வைத்துத் தேய்த்தால் கிழிந்துவிடும் என்ற பயம் இங்கே இல்லை.

ஆயத்தப் படங்களை ஒட்டும் முத்திரைகளையும், வரைந்ததை விதவிதமாக மாற்றும் மாயக் கருவிகளையும் முதல் வாரம் காட்டாதீர்கள். காட்டினால் இலையை யாரும் பார்க்கமாட்டார்கள். இலையின் பெயரைத் தூரிகையாலேயே எழுதச் சொல்லுங்கள். 'அ'வின் சுழியை மவுஸால் போடுவது நல்ல கைப்பயிற்சி.

அப்புறம், சேமிப்பு. கோப்புக்குப் பெயர் கேட்காது, ஒரு சொடுக்கு போதும். மறுநாள் திறக்கும் பொத்தானை அழுத்தினால் எல்லாப் படங்களும் சிறிதாக வரிசையில் தெரியும். தங்கள் இலையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துத் திறக்கட்டும். அன்றைக்கு நரம்புகளை வரையலாம்.