மத்திய அட்சரேகைப் புயல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரைமட்ட அழுத்த வரைபடத்தை மட்டும் பார்த்துப் புயலின் போக்கைச் சொல்ல முனைவதுதான் பெரிய தவறு. 30 முதல் 60 டிகிரி அட்சரேகை வரை உருவாகும் இந்தக் காற்றழுத்தத் தாழ்வுகளின் கடிவாளம் சுமார் 9 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டத்தில் இருக்கிறது. தரையருகே காற்று மையத்தை நோக்கிக் குவிகிறது. அப்படியானால் அழுத்தம் ஏறத்தானே வேண்டும்? ஏறாமல் இறங்குகிறது என்றால், கீழே குவிவதைவிட அதிகமான காற்று மேலே விரிந்து வெளியேறுகிறது. அழுத்தம் 24 ஹெக்டோபாஸ்கல் குறைந்த இடத்தில், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலிருந்து சுமார் 245 கிலோ காற்று போய்விட்டது என்று கணக்கு.

ஆகவே 500 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தையும், அதாவது சுமார் ஐந்தரை கி.மீ. உயரத்து நிலையைக் காட்டும் வரைபடத்தையும், பக்கத்தில் வையுங்கள். மேலடுக்கு அழுத்தப் பள்ளம் (அங்கே அழுத்தம் குறைந்த நீள்பகுதி) தரைத் தாழ்வுக்கு மேற்கே சாய்ந்திருந்தால் புயல் வளரும். பள்ளத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் மேல்காற்று விரிகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நின்றுவிட்டால் வளர்ச்சி முடிந்தது. மைய அழுத்தம் மிகக் குறைவாகத் தெரிவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அதைப் பார்த்து இன்னும் வலுக்கும் என்று சொல்லிவிடாதீர்கள்.

வெப்பமண்டலப் புயலின் கணக்கை இங்கே போடக் கூடாது. அதற்குத் தீனி வெதுவெதுப்பான கடல். இதற்கு வெப்ப வேறுபாடு. கனமான குளிர்காற்று கீழே சரிய, இலேசான வெப்பக்காற்று மேலேறும்போது விடுபடும் நிலையாற்றலே காற்றின் வேகமாகிறது. அதனால் நிலத்தின் மீதும் இது பிறக்கும். ஆனாலும் ஈரப்பதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நீராவி மேகமாகும்போது வெளிப்படும் மறைவெப்பம், மேலேறும் காற்றை இன்னும் முடுக்கிவிடும்.

குளிர்முகமும் வெப்பமுகமும் (முன்னேறும் குளிர்காற்றின், வெப்பக்காற்றின் எல்லைகள்) மோதுவதால்தான் புயல் பிறக்கிறது என்ற விளக்கமும் அரைகுறையானது. நார்வேயின் பெர்கனில் வானிலை அறிஞர் யாகோப் பியர்க்னெஸ் 1919இல் தந்த, இந்த முகங்களை வைத்த மாதிரி, புயலின் வடிவத்தை அழகாகக் காட்டுகிறது. காரணத்தைக் காட்டியவர்கள் வானிலை அறிஞர்கள் ஜூல் சார்னியும் (1947) எரிக் ஈடியும் (1949): வடக்கு தெற்காக வெப்பம் மாறும்போது மேற்கிலிருந்து வீசும் காற்றோட்டமே நிலைகுலைந்து அலையாகிறது. அலை வளர வளர முகங்கள் இன்னும் கூர்மையாகின்றன.

மிக வேகமாக வலுக்கும் புயலை ‘வெடிப்புப் புயல்’ என்று சொல்ல, 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் சரிவு என்ற அளவை எல்லா இடத்துக்கும் பொருத்துகிறார்கள். அது 60 டிகிரி அட்சரேகைக்கு உரியது. 45 டிகிரியில் சுமார் 20 ஹெக்டோபாஸ்கல் சரிந்தாலே போதும்.