டிரெய்லர் ஒலி: அந்த அரை விநாடியை விட்டுவையுங்கள்

சென்ற வாரம், ஒலி வடிவமைப்பு பழகும் இளைஞர் ஒருவர் தன் முதல் டிரெய்லரைப் போட்டுக் காட்டினார். இரண்டு நிமிடம் பத்து விநாடி; முதல் ஃபிரேம் தொடங்கி கடைசி வரை ஒலி மூச்சுவிடவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை. கேட்கக் கேட்கப் பழைய எரிச்சல் திரும்பிவந்தது. டிரெய்லர் ஒலியில் புதியவர்கள் செய்யும் இத்தகைய பிழைகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கோப்புக்குத் தவறான பெயர் வைப்பது போன்றவற்றை எவரும் ஒருமுறை பட்டே தெரிந்துகொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மௌனத்தை அடைப்பது

என் டிரெய்லரின் முடிவில் ஒரு பெண் கதவைத் திறப்பாள், திரை இருளும், படத்தின் தலைப்பு வந்து விழும். ரைசரை (படிப்படியாக ஏறும் ஒலி) ஏற்றிக்கொண்டே போய் நேராகத் தலைப்பின் ஹிட்டில் (தலைப்போடு விழும் பலத்த ஒற்றை அடி) மோதவிட்டேன். மேலே மூன்று ஹூஷ் (காற்றைக் கிழிக்கும் சீறல் ஒலி), நடுவில் டிரம், அடியில் சப் (மிகத் தாழ்ந்த அதிர்வொலி). ஸ்டூடியோவில் அமர்க்களமாக இருந்தது. அளந்து பார்த்தால் திரையரங்குக்கான ஒலி வரம்பைவிட 4 டெசிபல் அதிகம். விடிந்தால் ஒப்படைக்க வேண்டும் என்பதால் மொத்த மிக்ஸையும் 4 டெசிபல் இறக்கி அனுப்பினோம். திரையரங்கில் வசனம் முணுமுணுப்பாகிவிட்டது. தலைப்பு உப்புச்சப்பில்லாமல் வந்துபோனது. அந்தத் தயாரிப்பாளர் மறுபடி என்னை அழைக்கவே இல்லை.

அமெரிக்கத் திரையரங்கு டிரெய்லர்களுக்கு, அவற்றின் ஒலித் தரத்தை வகுக்கும் டாசா (TASA) அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு, லெக்-எம் அளவீட்டில் 85 டெசிபல். இது ஒரு கணத்தின் உச்சத்தை அளப்பதில்லை. முழு நீளத்தின் சராசரி ஆற்றலை அளக்கிறது. பாதி நேரம் அடங்கியிருந்தால் மறுபாதிக்கு 3 டெசிபல் வரை இடம் கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த அளவீடு 6 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிக்கு மிகுந்த எடை கொடுக்கிறது, அடிநாதத்துக்குச் சொற்பமே கொடுக்கிறது. ஆகவே, சீறும் ஹூஷ்களை அடுக்க அடுக்க வரம்பு கரைகிறது. ஹிட்டின் கனமோ கூடுவதில்லை.

பின்னாளில், ஆசை தீராமல் அதே காட்சியைத் திரும்பச் செய்து பார்த்தேன். தலைப்புக்கு 12 ஃபிரேம் முன்பாக, அதாவது அரை விநாடி முன்பாக, ரைசரை வெட்டினேன். அதன் எதிரொலி வால் இடைவெளிக்குள் கசிந்தது, அதையும் வெட்டினேன். மிஞ்சியவை கீல் முனகும் ஓசையும் அவள் மூச்சை உள்ளிழுக்கும் ஒலியும் மட்டுமே. ஹிட் அதே பழைய கோப்புதான், ஒரு டெசிபல்கூட ஏற்றவில்லை. நெஞ்சில் வந்து இடித்தது.

இடைவெளியைப் பார்த்ததும் கை தானாக ஒலிக் கோப்புகளின் நூலகத்துக்குப் போகும், தெரியும். அடக்கிக்கொள்ளுங்கள். ‘இங்கே ஏதாவது போடலாமே’ என்று இயக்குநரே கேட்டாலும், முதலில் பெரிய ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

சப்புக்குச் சுருதி பார்க்காதது

இசை டி மைனரில் போகும்போது 36.7 ஹெர்ட்ஸில், அதாவது டி ஸ்வரத்தில், நிற்கும் சப் அதனோடு கரைந்துவிடும். அரைச் சுருதி தள்ளி 39-ஐ ஒட்டி நின்றால் என்ன தவறென்று புரியாமலே கேட்பவருக்கு ஒவ்வாமல் போகும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இவை இரண்டுமே கேட்காது. ஆகவே, 150 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் இன்னோர் அடுக்கு வையுங்கள்.

ஹெட்ஃபோனை மட்டும் நம்புவது

கூடாது.

எடிட்டர் வெட்டி முடிக்கும் முன் நுணுக்க வேலை

ஒரு ஷாட் நகர்ந்தால் நாற்பது ஒலிகள் நகர வேண்டும். காத்திருங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒப்படைப்பது

இன்னொரு மொழிக்கு டப்பிங் செய்யும்போது வசனத்தை மட்டும் கழற்ற வழியில்லாமல் மொத்தமும் திரும்ப உங்களிடமே வரும். வசனம், இசை, விளைவொலி மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக (பிரித்துக் கொடுக்கும் ஒலிக்கோப்புகள்), எல்லாம் ஒரே நீளத்தில் கொடுங்கள். படத்தோடு பொருத்திக்கொள்ள, ஒவ்வொன்றிலும் படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 விநாடி முன்பு, ஒரு ஃபிரேம் நீளத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் பீப் இருக்கட்டும்.