5 வாட்டில் வானலை: டெல்டா கிராமத்தில் 40 மீட்டர் டைபோல் ஆண்டெனா கட்டும் முறை

உரிமம் பெற்ற ஆர்வலர்கள் வானலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில், 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலில் இயங்குவதைக் கியூ.ஆர்.பி. என்பார்கள். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபல்தான். எதிர்முனையில் இருப்பவரின் கருவியில் அலையின் வலுவைக் காட்டும் ஒவ்வொரு எஸ் அளவும் 6 டெசிபல் என்பதால், முள் இரண்டு அளவுக்குச் சற்று மேல் இறங்கும், அவ்வளவே. நல்ல ஆண்டெனாவும் இரைச்சலற்ற இடமும் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். இந்த இரண்டும் திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களில், நகரத்து அடுக்குமாடிவாசிக்குக் கிடைக்காத அளவில் கிடைக்கின்றன. ஆகவே தொடக்கநிலையினர் விலையுயர்ந்த கருவிக்குச் செலவிடுவதைவிட ஆண்டெனாவுக்கு உழைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உரிமம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, அழைப்புக்குறி (உங்கள் நிலையத்துக்கான அடையாளப் பெயர்) பெற்ற பிறகே அலை அனுப்பலாம். உரிமமின்றி அனுப்புவது குற்றம். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். காத்திருக்கும் காலத்தில் ஆண்டெனாவைக் கட்டி, கேட்டுப் பழகுங்கள்.

நாம் கட்டப்போவது, 40 மீட்டர் எனப்படும் அலைவரிசையில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான அரையலை டைபோல், அதாவது நடுவில் பிரிந்து இரு பக்கமும் நீளும், ஏறக்குறைய அரை அலைநீளக் கம்பி. 143ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வரும். அதன்படி ஏறக்குறைய 20.1 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10.05 மீட்டர் ஆகிறது. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இதற்குப் போதும். பக்கத்துக்கு 10.3 மீட்டராக வெட்டி, மிகுதியை நுனியில் மடித்து முறுக்கிவையுங்கள். கூடுதலாக இருப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக வெட்டியதை நீட்டினால் ஒட்டுப்போட வேண்டிவரும்.

நடுவில் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாதபடி, ஒரு சாண் நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டில் துளையிட்டுக் கட்டுங்கள். ஆண்டெனாவைக் கருவியோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஒரு பக்கத்துக்கும் வலைக்கம்பியை மறுபக்கத்துக்கும் ஈயப்பற்று வையுங்கள். அந்த இணைப்பில் நீர் புகுந்தால் கேபிள் முழுவதும் கெடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாங்க வேண்டியிருப்பதால், மின்காப்பு நாடாவைச் சுற்றியபின் அதன்மேல் சிலிக்கான் பசையும் பூசுவது நல்லது. நடுப்பகுதியின் எடையை ஒரு மூங்கில் தாங்கட்டும்.

முனைகளைத் தென்னையில் கட்டுவதே டெல்டாவில் இயல்பு. ஆனால் ஆடிக் காற்றில் தென்னை அசையும் அசைவில் விறைப்பாகக் கட்டிய கம்பி அறுந்துவிடும். எனவே ஒரு முனையை நிலையாகக் கட்டி, மறுமுனையின் நைலான் கயிற்றை மரத்தில் பொருத்திய சிறு கப்பி வழியாக விட்டு, கீழே செங்கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் சாய்ந்தால் செங்கல் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும், கம்பியின் இழுவிசை மாறாது. தேங்காய் பறிக்க ஆள் வரும் நாளில் அவரிடமே கப்பியைக் கட்டச் சொல்லிவிட்டால் தனியாக மரம் ஏறும் வேலை இல்லை. மின்கம்பி செல்லும் பக்கம் ஒருபோதும் கட்டாதீர்கள். ஆண்டெனா அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தொலைவு இருக்க வேண்டும்.

உயரம் 6 முதல் 8 மீட்டர் இருந்தால் போதும். இந்த அலைவரிசையின் அலைநீளம் 42 மீட்டர் என்பதால், அவ்வளவு தாழ்வான டைபோல் ஆற்றலில் பெரும்பகுதியை நேர்மேலே அனுப்பும். அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பகலில் தமிழகம், கேரளம், கர்நாடகம், இலங்கை ஆகியவற்றோடு பேச அதுவே ஏற்றது. பொழுது சாய்ந்தபின் தொலைதூர நாடுகளின் குரல்களும் வந்து சேரும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் இருப்பவர்கள் 10 மீட்டர் செங்குத்துக் கம்பியையும், அதன் அடியில் தரையில் பரப்பிய கம்பிகளோடு முயன்று பார்க்கலாம். செங்குத்து ஆண்டெனாவின் தாழ்கோண அலைக்கு உவர்நீர் பெருந்துணை.

அடுத்து, ஆண்டெனா ஏற்காமல் திரும்பிவரும் ஆற்றலைக் காட்டும் விகிதமான எஸ்.டபிள்யூ.ஆரை அதற்குரிய அளவியால் அளந்து பாருங்கள். மிகக்குறைந்த அளவு 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அமைந்தால் கம்பி தேவைக்குமேல் நீளம் என்று பொருள். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் மடித்தால் ஏறக்குறைய 35 கிலோஹெர்ட்ஸ் மேலேறும். 7.1இல் அந்த விகிதம் 1.5க்குக் கீழ் வந்தால் நிறுத்திவிடலாம்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியும், 20 வாட் சூரியத் தகடும், சார்ஜ் கட்டுப்படுத்தியும் போதும். 5 வாட்டில் அனுப்பும்போது 1 முதல் 1.5 ஆம்பியர் வரை செலவாகும். கேட்கும்போது எளிய கருவிக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலுக்குப் பின் மின்சாரமும் கைப்பேசியும் இல்லாமல் நாள்களைக் கழித்த ஊர்களுக்கு, பேட்டரியில் இயங்கும் நிலையத்தின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. அன்று விழுந்தவற்றில் தென்னைகளே மிகுதி என்பதால், மாற்று டைபோல் ஒன்றைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்திருங்கள்.

இப்போது கேளுங்கள். இரைச்சல் மிகுந்திருந்தால் வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். கருவி பேட்டரியில் இயங்குவதால், இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள்தான்: எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஊர் முழுதும் மின்வெட்டான நேரம் கேட்பதற்கு மிக உகந்தது. அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

உரிமம் கைக்கு வந்ததும், யாரேனும் கேட்கட்டும் என்று நீங்களே பொதுவாக அழைப்பதைவிட, வலுவாகக் கேட்கும் ஒருவர் உரையாடலை முடிக்கும் தறுவாயில் அவரை அழையுங்கள். குறைந்த ஆற்றலுக்கு அந்தப் பொறுமையே பலன் தரும். புள்ளி, கோடு ஒலிகளாலான மோர்ஸ் பழகியவர்கள் 7.030 மெகாஹெர்ட்ஸில் கேட்டால் கியூ.ஆர்.பி. நண்பர்களைச் சந்திக்கலாம்.

இடி கேட்டால் உடனே நிறுத்தி, கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தொடர்பையும் பதிவேட்டில் எழுதுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பதே ஹாம்களின் வழக்கம் என்பதால், நம் கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு முன் பேசினால் தேதியும் ஒருநாள் பின்னால் போகும்.