ஜூ வேலைக்குப் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் சில வீடுகளில் இந்தக் கேள்வி எழும்: "ஜூல வேலை பார்க்கணும்னா எந்தக் காலேஜ்ல சேரணும்?" முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் செஷயர் பக்கம் ரீஸ்ஹீத் கல்லூரி, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மூர்பார்க் கல்லூரி போன்ற இடங்களில் வளாகத்துக்குள்ளேயே ஒரு ஜூ உண்டு. படிப்பும் கூண்டு கழுவுவதும் ஒன்றாகவே நடக்கும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் இங்கேயும் அதே பெயரில் ஒரு பட்டப்படிப்பைத் தேடுகிறார்கள். விலங்குப் பராமரிப்பு என்றே ஒரு மூன்று வருடப் பட்டம் வாங்கிக்கொண்டு நேராக வண்டலூரில் போய் வேலைக்குச் சேரும் வழி இங்கே இல்லை. நம் ஊரில் ஜூவுக்குள் போகப் பல வாசல்கள், எல்லாமே பக்கவாட்டில்.

ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரே வேலை அல்ல. காப்பாளர் கூண்டைச் சுத்தம் செய்து, தீனி வைத்து, விலங்கை நாள் முழுக்கக் கண்ணில் வைத்திருப்பவர். மருத்துவர் கால்நடை மருத்துவம் படித்தவர். உயிரியலாளர் நடத்தையைப் பதிவு செய்வார், எதை எதோடு இணை சேர்ப்பது என்று யோசிப்பார். கல்வி அலுவலர் பள்ளிப் பிள்ளைகளைக் கையாள்வார். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் இயக்குநர் நாற்காலியில் இருப்பவர் இந்திய வனப்பணி அதிகாரி. இதில் எந்த நாற்காலி உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்யாமல் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினால், மூன்று வருடம் கழித்துத்தான் வாசல் தவறிப்போனது தெரியும்.

பட்டத்தின் பெயர் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. வனப்பணித் தேர்வு எழுத கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது பட்டப் பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். கவர்ச்சியான புதுப் பெயருள்ள ஒரு படிப்பு இந்தப் பட்டியலில் இடம் பெறுமா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். மாநில அரசின் வனத்துறைப் பணிகளுக்கும் அப்படித்தான். பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துக் கல்வித் தகுதிப் பத்தியைப் படித்தால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும். சாதாரண பி.எஸ்சி. விலங்கியலை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. அதை முடித்துவிட்டு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலோ ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ காட்டுயிர் உயிரியல் முதுகலைக்குப் போகலாம். டேராடூனில் உள்ள இந்திய வனஉயிர் நிறுவனத்தின் எம்.எஸ்சி.க்கும் முயற்சி செய்யலாம், போட்டி கடுமை.

கால்நடை மருத்துவம் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, நீட் போனால் அந்தக் கதவும் போச்சு என்பது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான்; நீட் பார்ப்பது 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு. மற்றது, சேர்ந்த முதல் நாளிலிருந்து புலியும் யானையும்தான் என்ற நினைப்பு. ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பில் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி, நாய். காட்டு விலங்குகளுக்கும் பாடம் உண்டு, ஆனால் அளவு கொஞ்சம்தான். இதனால் சலித்துப்போய் மாட்டுப் பாடத்தை ஏனோதானோ என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய முட்டாள்தனம் அது. புள்ளிமானும் காட்டெருமையும் அசைபோடும் விலங்குகள்தானே. மாட்டின் வயிறு புரியாதவருக்கு அவற்றின் வயிறும் புரியாது.

அதே சமயம் ஒரு விலங்குக்குச் சரியான மருந்தை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்கவும் முடியாது. மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அதைத் தருவதை இந்தியா 2006-இல் தடை செய்தது. நமக்குச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

சரி, இனி எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "எனக்கு அனிமல்ஸ்னா உயிர்" என்று நேர்முகத் தேர்வில் சொல்வது. பாம்பைக் கழுத்தில் போட்ட போட்டோ, வீட்டில் கிளி வளர்த்த அனுபவம், இதையெல்லாம் தகுதியாகக் காட்டுகிறார்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைத் தேர்வுக் குழுவிடம் நீங்களே வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டுமா?

நல்ல ஜூவில் தொடுவதுதான் கடைசி வழி. மானைத் துரத்திப் பிடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே தசைகள் சிதைந்து, சிறுநீரகம் பழுதாகி, சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட செத்துப்போகும். ஆசையாக ஓடிப் பிடித்தவருக்கு, தான்தான் கொன்றோம் என்பதே தெரியாமல் போகலாம். அதனால்தான் இன்று பயிற்சியின் போக்கே வேறு. ஒரு குச்சியின் நுனியைத் தொட்டால் இறைச்சித் துண்டு என்று பழக்கி, புலி தானாகவே கம்பியோரம் படுத்து வாலைக் காட்டும்படி செய்கிறார்கள். வாலிலிருந்து ரத்தம் எடுக்கலாம், மயக்க ஊசி வேண்டாம். இதற்கு வேண்டியது பொறுமையும் நேரமும். கொஞ்சிப் பேசும் ஆளை விட, ஒரு மணி நேரம் அசையாமல் நின்று, ஒவ்வொரு நிமிடமும் விலங்கு என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ளும் ஆள்தான் ஜூவுக்குத் தேவை. நரி ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்து "எவ்வளவு சுறுசுறுப்பு!" என்று வியப்பவர்களும் உண்டு. அடைபட்ட மனஅழுத்தத்தின் அடையாளம் அது என்று பாடத்தில் வரும், கவனித்துப் படியுங்கள்.

அடுத்து, தீனியைச் சமையல்காரர் வேலை என்று நினைப்பது. வளரும் சிறுத்தைக் குட்டிக்கு நல்லெண்ணத்தோடு எலும்பில்லாத சுத்தமான கறியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும், கால்கள் வளைந்து முறியும். பல்லி, ஆமை வகைகளுக்குப் புறஊதாக் கதிர் கிடைக்காவிட்டாலும் இதே கதிதான். குரங்கு என்றாலே வாழைப்பழம் என்று நாம் பழகிவிட்டோம். இங்கிலாந்தின் பெய்ன்டன் ஜூ 2014-இல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்தியது. மனிதர்களுக்காக வளர்க்கும் பழத்தில் காட்டுப் பழத்தை விடச் சர்க்கரை மிக அதிகம், அது பல்லையும் கெடுக்கும், நீரிழிவுக்கும் வழி செய்யும் என்பதுதான் காரணம். விலங்கியல் மாணவர்கள் தாவரவியலை ஒதுக்குவதும் இங்கேதான் கடிக்கும். யானைக்கும் மானுக்கும் தழை வெட்டிப் போடுகிறவருக்கு எது ஆலிலை, எது அரளி என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்?

நோய்த் தடுப்புப் பாடம் வறண்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். காலணி முக்கும் தொட்டி, கையுறை, புது விலங்கைத் தனியே வைத்துக் கவனிப்பது, எந்தக் கூண்டுக்குப் பிறகு எந்தக் கூண்டு என்ற வரிசை. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2021 ஜூன் 3 அன்று வண்டலூரில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் கொரோனா தொற்றில் இறந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போனது. போபாலில் உள்ள ஆய்வகம் சிங்கங்களின் மாதிரிகளைச் சோதித்து, டெல்டா வகைக் கிருமி என்று உறுதி செய்தது. பூங்கா அப்போது ஊரடங்கில் மூடியிருந்தது. பார்வையாளர்கள் யாரும் இல்லாத நாளிலும் தீனி வண்டி வரும், காப்பாளர் வருவார், மருத்துவர் வருவார். தொட்டியில் காலை முக்காமல் தாண்டிப் போவதை அதன் பிறகும் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. நோய் மறுதிசையிலும் வரும்: காசநோய் யானைக்கும் மனிதருக்கும் பொதுவானது. கள வேலைக்குப் போகும் முன் டெட்டனஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவேட்டை எழுத்தர் வேலை என்று ஒதுக்குகிறவர்களுக்குப் பஞ்சாபின் சட்பீர் ஜூ கதையைச் சொல்வேன். 1980-களில் அங்கே சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஆசியச் சிங்கங்களும் கலந்து குட்டி போட்டன. குட்டிகள் பெருகின, எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியில் மிஞ்சியது, ஆசிய இனப் பாதுகாப்புக்கும் உதவாத, நோய் எதிர்ப்பும் குறைந்த கலப்புச் சிங்கக் கூட்டம். ஆண்களுக்குக் கருத்தடை செய்து, அந்தக் கிளை தானாக முடியும்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. வெள்ளைப் புலியும் ஏறக்குறைய இதே பாடம். 1951-இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே புலியை அதன் மகளோடே இணை சேர்த்துத்தான் அந்தப் பரம்பரை உருவானது. வெள்ளைப் புலிக் கூண்டின் முன்னால்தான் கூட்டம் அதிகம் என்பது வேறு விஷயம். இன்று உலகத்து ஜூக்கள் பல ஜிம்ஸ் என்ற மென்பொருளில் ஒவ்வொரு விலங்கின் பெற்றோர், பிறப்பு, எடை, சிகிச்சை எல்லாவற்றையும் ஏற்றி வைக்கின்றன. எக்செல் தெரியாது, புள்ளியியல் வராது என்று சொல்லிக்கொண்டு இந்தத் துறைக்கு வருவது சிரமம்.

பயிற்சிக்கு இடம் தேடும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்பது முதலாவது. 1992-இல் வந்த அமைப்பு அது, அதன் அங்கீகாரம் இல்லாமல் ஜூ நடத்த முடியாது. அங்கே போனால் குட்டியைத் தூக்கி வைத்து செல்ஃபி எடுக்க விடுகிறார்களா என்பது இரண்டாவது. விடுகிறார்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் சான்றிதழ் தரும் இடங்களின் தாளைப் பார்த்து யாரும் வேலை தரப் போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976 முதல் இருக்கும் சென்னை முதலைப் பண்ணை மாணவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. முதலையை யாரும் கொஞ்ச முடியாது என்பதால் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

வெளிநாடு போய்ப் படிப்பது தவறில்லை. ஆனால் அங்கே வாங்கும் காப்பாளர் டிப்ளமாவுக்கு இங்கே அரசுப் பணியில் நேர் இணையான பதவி கிடைக்கும் என்று கடன் வாங்காதீர்கள். கால்நடை மருத்துவப் பட்டமானால், இங்கே ஊசி போடும் முன் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும்.

அப்புறம் வீட்டில் பேச வேண்டிய ஒன்று. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஆனால் அது பார்வையாளர்களுக்குத்தான். யானைக்குச் செவ்வாயும் பசிக்கும். காணும் பொங்கலன்று அங்கே நிற்க இடமிருக்காது. ஊரே லீவில் இருக்கும் அந்த நாளில் உங்களுக்கு லீவு கிடைக்காது என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.